மலைச்சரிவுக் குடியிருப்புகள்: வரைபடத்தில் அபாயம், வாசலில் நோட்டீஸ், அடுத்து என்ன?

புது தில்லி: வயநாடு மாவட்டத்தில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை நிலச்சரிவு அடித்துச் சென்ற மறுநாள், 2024 ஜூலை 31 அன்று, மாநிலங்களவையில் காரசாரமான விவாதம் நடைபெற்றது. ஜூலை 23ஆம் தேதியே கேரளத்துக்கு முன்னெச்சரிக்கை அனுப்பப்பட்டதாகவும், 26ஆம் தேதி அனுப்பிய எச்சரிக்கையில் கனமழையும் நிலச்சரிவும் ஏற்படக்கூடும் என்று தெரிவிக்கப்பட்டதாகவும் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா கூறினார். கேரள முதல்வராக அப்போது இருந்த பினராயி விஜயன் அன்றே அதை மறுத்தார். விபத்துக்கு முன்பு 'ஆரஞ்சு' எச்சரிக்கை மட்டுமே வந்தது என்றும், 'சிவப்பு' எச்சரிக்கை விபத்து நடந்த பிறகே வந்தது என்றும் அவர் பதிலளித்தார்.

யார் சொன்னது சரி என்பதில் விவாதம் முடிந்துபோனது. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று அவையில் போதிய கவனம் பெறவில்லை. மாவட்டம் முழுவதற்கும் விடுக்கப்படும் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு, எந்தத் தெருவில் எந்த வீட்டாரை எழுப்பி வெளியேற்றுவது என்பதை யார் தீர்மானிப்பது? வீடுகளுக்குப் பட்டா இருந்து, ஊராட்சிப் பதிவேட்டில் குடும்பங்களின் பெயர் இருக்கும் கிராமங்களிலேயே இதற்கு விடை காண்பது கடினமாக உள்ளது. பட்டாவும் பதிவும் இல்லாமல் நகரங்களின் மலைச்சரிவுகளில் குடியேறியிருக்கும் லட்சக்கணக்கான ஏழைகளின் நிலை இதைவிடச் சிக்கலானது.

எட்டில் ஒரு பங்கு நிலம்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி, பனி மூடிய பகுதிகள் நீங்கலாக, நாட்டின் நிலப்பரப்பில் 12.6 சதவீதம், அதாவது சுமார் 4.2 லட்சம் சதுர கிலோ மீட்டர், நிலச்சரிவு அபாயம் உள்ள பகுதியாகும். இதில் வடகிழக்கு இமயமலைப் பகுதி 1.8 லட்சம் சதுர கி.மீ.; வடமேற்கு இமயமலைப் பகுதி 1.4 லட்சம் சதுர கி.மீ.; மேற்குத் தொடர்ச்சி மலையும் கொங்கண் மலைகளும் சேர்ந்து 90 ஆயிரம் சதுர கி.மீ.; ஆந்திரத்தின் அரக்கு பகுதியை உள்ளடக்கிய கிழக்குத் தொடர்ச்சி மலை 10 ஆயிரம் சதுர கி.மீ.

இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பு, 17 மாநிலங்களிலும் 2 யூனியன் பிரதேசங்களிலும் உள்ள 147 மாவட்டங்களை ஆராய்ந்து வரிசைப்படுத்தியது. உத்தரகண்டின் ருத்ரபிரயாகை மாவட்டம் அதில் முதலிடத்திலும் டெஹ்ரி மாவட்டம் இரண்டாம் இடத்திலும் இருந்தன.

ஆனால், எந்த மலை சரியக்கூடும் என்பது ஒரு கேள்வி. அது சரிந்தால் எத்தனை பேர் இறப்பார்கள் என்பது வேறொரு கேள்வி. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் மலை இடிந்தால் அது புவியியல் நிகழ்வு. அதே அளவு மண் குடிசைகள் நெருக்கியடித்து நிற்கும் சரிவில் விழுந்தால் அது பேரிடர். எனவே அபாய மதிப்பீட்டில் மூன்று அம்சங்கள் சேர்ந்தே கணக்கிடப்படுகின்றன. சரிவு ஏற்படும் வாய்ப்பு எவ்வளவு, அதன் பாதையில் இருப்போர் எத்தனை பேர், அவர்களது வீடு எந்த அளவுக்குத் தாங்கும் என்பவையே அவை. இந்தியாவில் முதல் அம்சத்தைப் பற்றிய தகவல் ஓரளவு திரட்டப்பட்டுவிட்டது. மற்ற இரண்டிலும்தான் இடைவெளி உள்ளது.

மும்பை தரும் பாடம்

இந்த இடைவெளிக்கு மும்பையைவிடத் தெளிவான சான்று வேறில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெருநகர மும்பையின் 10 குடும்பங்களில் 4 குடும்பங்கள் குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றன. சமவெளியில் இடம் கிடைக்காதவர்கள் காட்கோபர், விக்ரோளி, செம்பூர், குர்லா, பாண்டுப் பகுதிகளின் குன்றுகளில் ஏறினர். மேலே செல்லச் செல்ல இடத்தின் விலையும் வாடகையும் குறைவு. தண்ணீரும் பாதையும் கழிவுநீர்க் கால்வாயும் அங்கு எட்டுவதும் குறைவு.

2000 ஜூலை 12 அன்று காட்கோபரில் குன்றின் ஒரு பகுதி குடிசைகளின் மீது சரிந்ததில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை பெய்தபோது, சாக்கி நாக்காவில் மலைச்சரிவு குடியிருப்பு ஒன்று புதைந்தது. 2019 ஜூலையில் மாலாட் பகுதியில் குன்றின் மீதிருந்த நீர்த்தேக்க வளாகத்தின் மதில் இடிந்து, கீழேயிருந்த குடிசைகளில் 30 பேர் வரை பலியாயினர். 2021 ஜூலை 18 அதிகாலையில் செம்பூர் பாரத் நகரில் சுவர் இடிந்து 19 பேரும், விக்ரோளி சூரியநகரில் மண் சரிந்து 10 பேரும் இறந்தனர்.

இவற்றில் எதுவும் யாரும் எதிர்பாராத இடத்தில் நடந்த விபத்து என்று சொல்ல முடியாது. மும்பைக் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியம் 2010-லேயே ஒரு கணக்கெடுப்பை நடத்தியது. நகரின் 36 சட்டப் பேரவைத் தொகுதிகளில் 25 தொகுதிகளில், 327 இடங்கள் அபாயகரமானவை என்றும், அங்கு 22,483 குடிசைகள் உள்ளன என்றும் அதில் தெரியவந்தது. அவற்றில் 9,657 குடிசைகளை உடனடியாக வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், மற்றவற்றுக்குத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று வாரியம் பரிந்துரைத்தது. அதற்குப் பின் நடந்தது பெரும்பாலும் சுவர் கட்டும் பணிதான். குடிசைகளை மாற்றும் பணி நகரவில்லை. 2021-ஆம் ஆண்டு மரணங்களுக்குப் பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் பெறப்பட்ட இந்த எண்ணிக்கைகள் மீண்டும் பத்திரிகைகளில் இடம்பெற்றன.

மதிப்பீடு இல்லாததால் மட்டும் மக்கள் இறக்கவில்லை. மதிப்பீடு செய்து முடித்த பிறகும் இறந்தனர் என்பதே இதன் பொருள்.

50 மீட்டர், ஒரு மில்லி மீட்டர்

நிலச்சரிவு ஆய்வுக்கான தலைமைத் துறையாக 2004-இல் அறிவிக்கப்பட்ட புவியியல் ஆய்வுத் துறை, 2014-15இல் தேசிய அளவிலான வரைபடத் திட்டத்தைத் தொடங்கியது. அபாய வாய்ப்புள்ள பகுதி முழுவதும் 50 ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் வரையப்பட்டுள்ளது. சாலை, அணை, ரயில்பாதை போன்ற திட்டங்களுக்கு இந்த வரைபடம் மிகவும் பயன்படக்கூடியது.

ஆனால் அந்த அளவில், தரையில் 50 மீட்டர் என்பது தாளில் ஒரு மில்லி மீட்டர். பத்துக்குப் பதினைந்து அடி குடிசை ஒன்று அதில் புள்ளியாகக்கூட விழாது. ஒரு குன்று முழுவதும் 'மிதமான வாய்ப்பு' என்று மஞ்சள் நிறம் பூசப்பட்டிருக்கலாம். அந்தக் குன்றின் அடிவாரத்தில், 15 அடி உயரத்துக்குச் செங்குத்தாக மண்ணை வெட்டி, வெட்டிய முகத்திலிருந்து மூன்றடி தள்ளி ஒருவர் வீடு கட்டியிருப்பார். அவருக்கு உள்ள அபாயம் மிதமானது அல்ல. அதை அறிய ஐயாயிரத்துக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான வரைபடங்களும், வீடு வீடாகச் செல்லும் களப்பணியும் தேவை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் மலைப் பகுதிகளில் நிலச்சரிவு மண்டலங்களைப் பிரிப்பதற்கான வழிகாட்டு நெறிகளை 1998-இல் வெளியிட்டது. ரூர்க்கி பல்கலைக்கழகத்தின் புவியியல் அறிஞர் ஆர். அன்பழகன் 1992-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பாறையின் தன்மை, பாறை வெடிப்புகள் சாயும் திசை, சரிவின் கோணம், நிலப் பயன்பாடு ஆகிய நான்குக்கும் தலா 2 மதிப்பெண். மலையின் உயர வேறுபாடு, நிலத்தடி நீர் ஆகிய இரண்டுக்கும் தலா ஒரு மதிப்பெண். ஆக மொத்தம் 10. மதிப்பெண் கூடக் கூட அபாயம் கூடும்.

இயற்கையான மலைக்கு இக்கணக்கு பொருந்தும். மனிதர்கள் வெட்டியும் கொட்டியும் உருமாற்றிய சரிவுகளுக்கு இதோடு வேறு சில கேள்விகளும் சேர வேண்டும்.

குடிசை சரிவது எப்படி?

மலைச்சரிவில் வீடு கட்ட முதலில் சமதளம் தேவை. அதற்காக மேற்புறம் மண் வெட்டப்படுகிறது. வெட்டிய மண் கீழ்ப்புறம் கொட்டப்பட்டு நிரவப்படுகிறது. வெட்டிய முகம் செங்குத்தாகித் தாங்குதலை இழக்கிறது. கொட்டிய மண் இறுகாமல் தளர்ந்து கிடக்கிறது. பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் நிற்கிறது.

அடுத்தது தண்ணீர். மழை நீர் மண்ணின் துளைகளில் நிறையும்போது, மண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பிடிமானம் குறைகிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. குடிசைப் பகுதிகளில் மழை நீரோடு வீட்டுக் கழிவுநீரும், கசியும் குடிநீர்க் குழாய்களின் நீரும், கழிவறைக் குழிகளின் நீரும் ஆண்டு முழுவதும் சேர்கின்றன. பருவமழை தொடங்கும்போதே மண் பாதி நனைந்திருக்கிறது. கால்வாய் இல்லாத சரிவில் மேல் வீட்டின் கூரை நீர் கீழ் வீட்டின் பின்சுவரில் விழுகிறது.

மூன்றாவது, பாதுகாப்புக்கென்று கட்டப்படும் சுவரே ஆபத்தாக மாறுவது. தடுப்புச் சுவரின் பின்புறம் தேங்கும் நீர் வெளியேறத் துளைகளும், அதன் பின்னே கருங்கல் ஜல்லி அடுக்கும் இருக்க வேண்டும். துளைகள் இல்லாமலோ, இருந்த துளைகள் மண்ணாலும் குப்பையாலும் அடைபட்டோ போனால், நீரின் அழுத்தம் முழுவதையும் சுவரே தாங்க வேண்டியிருக்கும். அது இடியும்போது மண்ணோடு கல்லும் சேர்ந்து வீட்டின் மீது விழும்.

எனவே களத்துக்குச் செல்லும் பொறியாளர் பார்க்க வேண்டியவை தெளிவானவை. வெட்டு முகத்தின் உயரம் எவ்வளவு? அதிலிருந்து வீடு எவ்வளவு தள்ளி உள்ளது? மேலே தரையில் புதிய விரிசல் உண்டா? மரமும் மின்கம்பமும் சாய்ந்துள்ளனவா? சுவர் உப்பியுள்ளதா? கதவுகள் திடீரெனப் பொருந்தாமல் போயுள்ளனவா? மழையில்லாத நாளிலும் நீர் கசிகிறதா? இரவில் அந்த வீட்டில் எத்தனை பேர் உறங்குகிறார்கள்? வெளியேற வேறு வழி உண்டா? இவற்றில் பலவற்றுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் அங்கு வாழ்பவர்களே. எந்த மழையில் எந்தச் சுவர் கசிந்தது என்பது எந்தச் செயற்கைக்கோளைவிடவும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பட்டியலில் சேர அஞ்சும் மக்கள்

ஆனால் கணக்கெடுப்பாளரைக் கண்டால் மக்கள் பேசத் தயங்குகின்றனர். 'அபாயகரமான வீடு' என்ற முத்திரை விழுந்தால், அடுத்து வருவது வெளியேற்றும் நோட்டீஸ் என்பது அவர்களது அனுபவம். மும்பையில் ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன்பு மலைச்சரிவுக் குடிசைகளுக்கு இத்தகைய நோட்டீஸ் வழங்கப்படுகிறது. உயிரிழப்பு நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல என்பதற்கான முன்னேற்பாடாகவே மக்கள் அதைக் கருதுகின்றனர். எங்கே செல்வது என்ற கேள்விக்கு அந்தக் காகிதத்தில் விடை இருப்பதில்லை.

மாற்று வீடு தருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மகாராஷ்டிர அரசின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்து வசிப்பதற்கான சான்று உள்ளோருக்கு இலவச வீடு கிடைக்கும். அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1 வரை குடியேறியோர் பணம் செலுத்திப் பெற வேண்டும். அதற்கும் பின்னால் வந்தவர்கள் கணக்கில் இல்லை. கடைசியாக வந்தவர்கள்தாம் பெரும்பாலும் மலையின் உச்சியிலும் ஓடை ஓரத்திலும் இருக்கின்றனர். அதாவது, அபாயம் அதிகமுள்ளவர்களுக்கே உரிமை குறைவு. மண் சரியும்போது குடும்ப அட்டையில் உள்ள தேதியைப் பார்த்துச் சரிவதில்லை.

அசாம் தலைநகர் குவாஹாட்டியிலும் இதே நிலைதான். நகருக்குள்ளேயே எழும் குன்றுகளின் சிவந்த களிமண்ணை வெட்டி, பட்டா இல்லாத குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகக் குடியேறி வருகின்றன. பட்டா கோரும் போராட்டமும், காட்டு நிலத்தை மீட்கும் வெளியேற்ற நடவடிக்கையும் மாறி மாறி நடக்கின்றன. எந்த வீடு பாதுகாப்பானது, எது அல்ல என்ற கேள்வி இரண்டுக்கும் இடையில் காணாமல் போகிறது.

மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் சற்று மாறுபட்ட முயற்சி நடந்தது. 2013 மே மாதம் லைபுயித்லாங் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 17 பேர் இறந்தனர். அதன் பிறகு மாநகராட்சி, மலைச்சரிவை வெட்டுவதற்கும் வீட்டு மனையைச் சீரமைப்பதற்கும் தனி விதிமுறைகளை வகுத்தது. ஆயினும் 2024 மே 28 அன்று ரீமல் புயல் மழையில் நகரின் புறத்தே இருந்த கல்குவாரி சரிந்து பலர் இறந்தபோது, விதிகள் நகருக்குள் மட்டும் போதாது என்பது தெரிந்தது.

தமிழகத்துக்கும் இது புதிதல்ல. 2009 நவம்பரில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் இறந்தனர். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தபோது பலியான 70 பேரில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தின் வ.உ.சி. நகரில் பாறையும் மண்ணும் வீட்டை மூடியதில், ஐந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் உயிரிழந்தனர்.

யார் பொறுப்பு?

நாடாளுமன்றத்தில் இது குறித்துக் கேள்வி எழுப்ப விரும்பும் உறுப்பினர், எந்த அமைச்சகத்திடம் கேட்பது என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டியுள்ளது. வரைபடம் வரையும் புவியியல் ஆய்வுத் துறை சுரங்க அமைச்சகத்தின் கீழ் உள்ளது. பேரிடர் மேலாண்மை உள்துறையிடம் இருக்கிறது. மழை முன்னறிவிப்பு புவி அறிவியல் அமைச்சகத்தின் பணி. குடிசைப் பகுதி வீட்டுத் திட்டங்கள் வீட்டுவசதி அமைச்சகத்தைச் சேர்ந்தவை. நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஒவ்வோர் அமைச்சகமும் தன் பங்கைப் பற்றிப் பதிலளிக்கிறது. குறிப்பிட்ட ஒரு சரிவில் உள்ள குறிப்பிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிப் பதிலளிக்க யாரும் இல்லை.

திட்டங்கள் இல்லாமல் இல்லை. 2009-இல் நிலச்சரிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளையும், 2019-இல் தேசிய நிலச்சரிவு அபாய மேலாண்மை உத்தியையும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிட்டது. டார்ஜிலிங், நீலகிரி மாவட்டங்களில் 2020 முதல் சோதனை முறையில் அன்றாட முன்னறிவிப்பு தொடங்கியது. 2024 ஜூலையில், வயநாடு துயரத்துக்குச் சில நாள்கள் முன்பு, கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் திறக்கப்பட்டது.

2024 நவம்பரில் 15 மாநிலங்களுக்கு ரூ.1,000 கோடியில் நிலச்சரிவு அபாயத் தணிப்புத் திட்டத்துக்கு மத்திய அரசின் உயர்நிலைக் குழு ஒப்புதல் அளித்தது. உத்தரகண்டுக்கும் ஹிமாசலப் பிரதேசத்துக்கும் தலா ரூ.139 கோடி, வடகிழக்கின் 8 மாநிலங்களுக்கு ரூ.378 கோடி, மகாராஷ்டிரத்துக்கு ரூ.100 கோடி, கர்நாடகம், கேரளத்துக்குத் தலா ரூ.72 கோடி, தமிழகம், மேற்கு வங்கத்துக்குத் தலா ரூ.50 கோடி என்பது ஒதுக்கீடு. 15-வது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களுக்கான பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புப் பணிகளுக்கென்றே தனியே ஒதுக்கியதும் குறிப்பிடத்தக்கது.

பேரிடர் மேலாண்மைச் சட்டத் திருத்தம் 2024 டிசம்பரில் மக்களவையிலும் 2025 மார்ச்சில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனியே நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க அது வழி செய்கிறது. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவராக இருப்பார். பேரிடர் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கவும் திருத்தம் வகை செய்கிறது. குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், கட்டட அனுமதி ஆகிய மூன்றும் பல நகரங்களில் ஆணையரின் கையில்தான் உள்ளன. ஆகவே வீடு வாரியான மதிப்பீட்டுக்கு உரிய இடம் இதுவே என்று கொள்ளலாம்.

செய்ய முடிந்தவர்கள்

மலைச்சரிவு நகரங்கள் பாதுகாப்பாக இருக்கவே முடியாது என்பது உண்மையல்ல. ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு நிலச்சரிவுகளில் 138 பேர் இறந்தனர். 1977-இல் அங்கு சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் அமைக்கப்பட்டது. இன்று மனிதர் வெட்டிய சுமார் 60 ஆயிரம் சரிவுகளுக்குத் தனித்தனிப் பதிவு எண் உண்டு. பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதும் பதிவில் உண்டு.

அது செல்வம் மிகுந்த நகரம் என்று வாதிடலாம். கரீபியன் தீவான செயின்ட் லூசியா செல்வ நாடல்ல. அங்கு 2004 முதல் மலைச்சரிவுக் குடியிருப்புகளில் ஒரு எளிய திட்டம் நடைமுறைக்கு வந்தது. பொறியாளர்கள் குடியிருப்போருடன் நடந்து சென்று நீர் ஓடும் பாதைகளை வரைந்தனர். கூரை நீரையும் கழிவுநீரையும் சேர்த்துக் கீழே கொண்டு செல்லும் கால்வாய்கள் கட்டப்பட்டன. அவற்றைக் கட்டும் வேலையும் கூலியும் அப்பகுதி மக்களுக்கே தரப்பட்டன. எல்லாச் சரிவுக்கும் இது தீர்வாகாது. பாறை உருளும் இடத்திலும், மேலிருந்து சேற்று வெள்ளம் பாயும் இடத்திலும் கால்வாய் உயிரைக் காக்காது. எந்த இடத்துக்குக் கால்வாய் போதும், எங்கே சுவர் வேண்டும், எங்கிருந்து மக்களை மாற்றியே ஆக வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதான் மதிப்பீட்டின் பயன்.

பேரிடரில் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் என்று மத்திய அரசின் நிவாரண விதி தெளிவாகக் கூறுகிறது. இறப்பதற்கு முன்பு அவரைக் காப்பதற்கு என்ன தொகை, எந்த அதிகாரி, எத்தனை நாள் என்று கூறும் விதி அதே தெளிவுடன் இல்லை. புதிய நகர்ப்புற ஆணையங்கள் மூன்று காரியங்களைச் செய்தாலே பெரிய மாற்றம் வரும். முதலாவது, வீடு வாரியான அபாயப் பட்டியலைக் குடியேறிய தேதி பாராமல் தயாரித்து வெளியிடுவது. இரண்டாவது, பட்டியலில் சேர்ந்தவருக்கு மாற்றிடம் உறுதியாகும் வரை அவரது வீட்டை இடிப்பதில்லை என்று எழுத்தில் உறுதியளிப்பது. மூன்றாவது, ஒவ்வொரு சரிவுக்கும் பொறுப்பான அதிகாரி யார் என்பதைப் பெயரோடு அறிவிப்பது.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் மாதத்தில் மும்பையை எட்டுகிறது. நோட்டீசும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இடையில் உள்ள எட்டு மாத வறண்ட காலம்தான் மண்ணை அளக்கவும், கால்வாய் வெட்டவும், மாற்று வீடு கட்டவும் ஏற்றது. குளிர்காலக் கூட்டத்தொடரும் நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடரும் நடைபெறுவது அந்த எட்டு மாதத்தில்தான். மலைச்சரிவு மக்களைப் பற்றிய கேள்விகளை, மழைக்காலக் கூட்டத்தொடரின் இரங்கல் குறிப்புக்குக் காத்திராமல், அப்போதே எழுப்புவது உறுப்பினர்களின் கடமையாகும்.